கர்ப்பப்பையோடு குழாயையும் எடுத்தால் மெனோபோஸ் (மாதவிடாய் நிற்கும் பருவம்) முந்தி வருமா?

உவர்மலைத் தங்கை:
அக்காவுக்கு 43 வயது. பைப்ராய்ட் கட்டியால் இரத்தப்போக்கு, இரத்தமும் ஏற்றியாயிற்று. கர்ப்பப்பையை எடுக்கத் திகதி தந்திருக்கிறார்கள். சூலகத்தை விட்டுவிட்டு, இரண்டு பலோப்பியன் குழாயையும் சேர்த்து எடுத்தால் பிற்காலத்தில் சூலகப் புற்றுநோய் வரும் வாய்ப்புக் குறையும் என்கிறார் டொக்டர். அம்மாவோ, குழாயில் கை வைத்தால் இப்போதே எல்லாம் வற்றிப்போகும், எலும்பு தேயும் என்று ஒரே பிடிவாதம். யார் சொல்வது சரி?

பழைய நேர்ஸ்:
டொக்டர் சொல்வதுதான். ஓமோனைச் சுரப்பது சூலகம், குழாய் அல்ல. சூலகப் புற்றுநோய் என்று நாம் சொல்வதில் மிகக் கொடிய வகை பெரும்பாலும் குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது.

கிண்ணியாக்காரி:
அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள் அக்கா. சூலகத்துக்கு இரத்தம் போகும் ஒரு பாதை குழாயை ஒட்டிய மெல்லிய மடிப்புக்குள்ளால் வருகிறது. அதில் வெட்டுப்பட்டால் சூலகம் சோர்ந்துபோகாதா?

பழைய நேர்ஸ்:
அந்தப் பாதை கர்ப்பப்பை நாடியின் கிளை. கர்ப்பப்பையை எடுக்கும்போதே அது போய்விடும். பெருநாடியிலிருந்து நேரே வரும் சூலக நாடி மிஞ்சுகிறது. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தவர்களுக்கே மெனோபோஸ் கொஞ்சம் முந்தி வருவதுண்டு. அந்தப் பழியைக் குழாய் மேல் போடக்கூடாது.

தம்பலகாமத்தான்:
வருஷா வருஷம் ஸ்கேன் செய்து பார்த்தால் போதாதா? எதற்கு வீணாக வெட்ட வேண்டும்?

பழைய நேர்ஸ்:
தம்பி, இங்கிலாந்தில் 2 லட்சம் பெண்களை வைத்து அதைத்தான் பார்த்தார்கள். ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்று 2021இல் முடிவு வந்தது. சுகவனிதையர் கிளினிக்கில் எடுக்கும் பாப் பரிசோதனை கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு மட்டும்தான்.

கிண்ணியாக்காரி:
அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஸ்வீடனில் 55 வயதுக்குட்பட்ட பெண்களின் பதிவேட்டைப் பார்த்தபோது, கர்ப்பப்பையோடு குழாயையும் எடுத்தவர்களில் ஒரு வருஷம் கழித்து மெனோபோஸ் அறிகுறி சொன்னவர்கள், கர்ப்பப்பையை மட்டும் எடுத்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய நேர்ஸ்:
கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010 முதல் இப்படி எடுத்து வருகிறார்கள். மெனோபோஸுக்காக டொக்டரிடம் போனவர்கள், ஓமோன் மருந்து தொடங்கியவர்கள் என்று எண்ணிப் பார்த்ததில் வித்தியாசம் இல்லை. குழாயை எடுத்தவர்களில் அந்தக் கொடிய வகைப் புற்றுநோய் 5 பேருக்காவது வரும் என்று கணக்கிட்ட இடத்தில் ஒருவருக்கும் வரவில்லை.

கிண்ணியாக்காரி:
டொக்டரிடம் போனால்தானே கணக்கில் வருவார்கள்! கர்ப்பப்பை போனபின் மாதவிடாய் நின்றதை வைத்து அறியவும் வழியில்லை. நம்மூரில் இரவு வியர்த்து நனைந்தால் ஃபேனை ஐந்தில் போட்டுவிட்டுத் திரும்பிப் படுப்பார்கள். "வெயில் காலம்தானே" என்று விட்டுவிடுவார்கள். கிளினிக்குக்கு யார் போகிறார்கள்?

பழைய நேர்ஸ்:
அது நியாயம். ஆனால் ஸ்வீடன் கணக்கும் ஒரு வருஷத்தோடு நின்றுவிட்டது. அங்கேயே இப்போது பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆராய்கிறார்கள். அது வரட்டும்.

உவர்மலைத் தங்கை:
சித்தி ஒருவர் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வைத்தியம் செய்து, 38 வயதில் எல்லாம் எடுத்துவிட்டார். அடுத்த மாதமே உடம்பு தீயாய் எரிந்ததாம். அதைப் பார்த்துத்தான் அம்மாவுக்குப் பயம்.

பழைய நேர்ஸ்:
அப்போ சூலகத்தையும் எடுத்திருப்பார்கள். அதில் மெனோபோஸ் உடனே வரும். ஆனால் சித்திக்கு என்ன புற்றுநோய்? மார்பகமோ சூலகமோ என்றால் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். குடும்பத்தில் வழிவழியாக வந்து மார்பக, சூலகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ1 மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு 35க்கும் 40க்கும் இடையில் சூலகத்தையும் எடுக்கச் சொல்வார்கள். உங்கள் அக்காவின் கணக்கே மாறிவிடும்.

கிண்ணியாக்காரி:
இதில் நான் நேர்ஸ் அக்கா பக்கம். ஆனால் கையொப்பம் வைக்க முன்னர், சூலகத்துப் பக்கம் போகாமல் குழாயை ஒட்டியே வெட்டுவார்களா என்று கேளுங்கள். வியர்வை, தூக்கமின்மை வந்தால் எந்த கிளினிக்குக்கு வரவேண்டும் என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வார்ட்டைத் தாண்டாது.

உவர்மலைத் தங்கை:
சித்திக்கு மார்பகத்தில்தான். அம்மாவிடம் இப்போதுதான் கேட்டேன், அம்மம்மாவுக்கும் ஏதோ "வயிற்றுக் கட்டி" என்கிறார். நாளைக்கே டொக்டரிடம் போகிறோம்.