புதுப்பிப்பு: அப்பா கார்டுல போன 18,400 ரூபா விஷயம்

போன வாரம் போட்டிருந்தேன்ல, பார்சல் அட்ரஸ் தப்பு 25 ரூபா கட்டுங்கன்னு வந்த மெயிலை நம்பி, கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்குற அப்பா தன்னோட கார்டு நம்பரும் ஓடிபியும் போட்டு 18,400 ரூபா போயிடுச்சுன்னு. அதுல நிறைய பேர் உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்கன்னு சொன்னீங்க, ரொம்ப நன்றிங்க.

அடிச்சேன், மூணாவது தடவைதான் லைன் கிடைச்சுது. பேங்க் பேரு, ட்ரான்ஸாக்ஷன் நம்பர், போன நேரம் எல்லாம் கேட்டாங்க, அதனால எஸ்எம்எஸ்ஸை அழிச்சிடாதீங்க. அக்னாலெட்ஜ்மென்ட் நம்பர் வந்துச்சு, அன்னைக்கே சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல முழு புகாரும் போட்டு அந்த மெயிலோட ஸ்க்ரீன்ஷாட்டும் சேர்த்துட்டேன். கார்டை பிளாக் பண்ணியாச்சு. இப்ப 11,000 ரூபா எதிராளி அக்கவுண்ட்ல ஹோல்டுல நிக்குது, இன்னும் கைக்கு வரல, மீதி அதுக்குள்ள எடுத்துட்டானுங்க.

நேத்து இன்னொருத்தன் போன் பண்ணி நாங்க சைபர் செல், 2,000 ரூபா கட்டினா முழுப் பணமும் வாங்கித் தரோம்ங்கிறான். அப்பா கட்டவே கிளம்பிட்டாரு! புகாருக்கு போலீஸ் காசு கேக்காதுப்பான்னு சொல்லி நிறுத்துனேன். அந்த நம்பரை மத்திய தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி சைட்டுல, மோசடி போன் கால்களைப் புகார் பண்ற சக்ஷு பகுதியில ரிப்போர்ட் பண்ணிட்டேன். பழைய மெயிலையும் ஜிமெயில்ல சும்மா டெலீட் பண்ணாம ரிப்போர்ட் பிஷிங் (ஏமாத்துற மெயில்னு புகார்) குடுத்தாச்சு.

அப்பா ரெண்டு நாளா சரியா சாப்பிடல, அதுதான் பணத்தைவிட மனசுக்கு கஷ்டமா இருக்கு. வீட்டுல பெரியவங்க இப்படி ஏமாந்தா தயவுசெஞ்சு திட்டாதீங்க, பயந்துகிட்டு அடுத்த தடவை சொல்லவே மாட்டாங்க. ஹோல்டு பணம் வந்ததும் இங்கயே சொல்றேன்.