டைட்டானிக் முதல் வகுப்பு ஆண்கள் உண்மையிலேயே இடம் விட்டுக் கொடுத்தார்களா?

மாலைக்கதிர்:
ஏப்ரல் பிறந்தால் போதும், அதே பதிவு மறுபடி சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. டைட்டானிக் மூழ்கியபோது முதல் வகுப்பில் வந்த கோடீஸ்வரர்கள் ஏழைப் பெண்களையும் குழந்தைகளையும் படகில் ஏற்றிவிட்டு, தாங்கள் மேல்தளத்தில் நின்று அமைதியாகச் செத்தார்கள் என்பதுதான் அதன் சாரம். ஆஸ்டர், குகன்ஹைம், ஸ்ட்ராஸ் என்ற மூன்று பெயர்களும் தவறாமல் கூடவே வரும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

1912இல் பிரிட்டிஷ் விசாரணை ஆணையம் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். முதல் வகுப்பில் 325 பேர், பிழைத்தவர்கள் 203. மூன்றாம் வகுப்பில் 706 பேர், பிழைத்தவர்கள் 178. இன்னும் உள்ளே போனால், முதல் வகுப்பு ஆண்கள் 175 பேரில் 57 பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 79 பேரில் 27 பேர்தான். இரண்டுமே மூன்றில் ஒரு பங்கு. பணக்கார ஆணுக்கும் ஏழைக் குழந்தைக்கும் பிழைக்க ஒரே அளவு வாய்ப்பு இருந்த கப்பலில் யார் யாருக்கு இடம் விட்டார்கள் என்று யாராவது சொல்லுங்கள்.

பாய்மரம்:
அதே பட்டியல்தான், மாலைக்கதிர் சார். 175 பேரில் 118 பேர் செத்திருக்கிறார்கள், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? படகுகள் தொங்கிய தளம் அவர்கள் அறைகளுக்குச் சில படிகள் மேலேதான் இருந்தது. வழி தெரியும், அதிகாரிகளோடு பேச மொழி தெரியும். முண்டியடித்து ஏற நினைத்திருந்தால் 57 பேரோடு நின்றிருக்காது.

ஜான் ஜேக்கப் ஆஸ்டர் அந்தக் கப்பலிலேயே பெரிய பணக்காரர். கர்ப்பமாக இருந்த மனைவியோடு தானும் ஏறலாமா என்று லைட்டோலர் என்ற அதிகாரியிடம் கேட்டார். ஆண்களுக்கு இடமில்லை என்றதும் விலகி நின்றார், செத்தும் போனார். மேசிஸ் அங்காடியின் உரிமையாளர்களில் ஒருவரான இசிடோர் ஸ்ட்ராஸுக்கு வயதைக் கருதி இடம் தருவதாகச் சொன்னார்கள். மற்ற ஆண்களுக்கு முன்னால் நான் போகமாட்டேன் என்று மறுத்தார். அவரை விட்டுப் போக மனைவி ஐடாவும் சம்மதிக்கவில்லை. தன் ரோமக் கோட்டைப் பணிப்பெண் எலன் பேர்டிடம் கொடுத்து அவரைப் படகில் ஏற்றினார். எலன் பிழைத்தார். கூலிக்கு வேலை பார்த்த பெண்தானே அவர்?

பெண்களிலும் ஒருவரைச் சொல்ல வேண்டும். ஈடித் எவன்ஸ், மணமாகாதவர். கடைசியாக இறங்கிய படகுகளில் ஒன்றில், உனக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள், நீ முதலில் போ என்று உடன் வந்த பெண்ணை ஏற்றிவிட்டார். ஈடித்துக்கு இடம் கிடைக்கவில்லை, இறந்துபோனார். இதையெல்லாம் கட்டுக்கதை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
இருவருமே குணத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் கப்பலின் எந்தப் பக்கம் என்று கேட்கிறேன்.

இடது பக்கத்துப் படகுகளைப் பார்த்துக்கொண்டவர் லைட்டோலர். பெண்களும் குழந்தைகளும் மட்டும் என்று உத்தரவைப் புரிந்துகொண்டார், இடம் காலியாக இருந்தாலும் ஆண்களை ஏற்றவில்லை. வலது பக்கத்தில் மர்டாக் என்ற இன்னொரு அதிகாரி. பெண்கள் முதலில், பக்கத்தில் வேறு பெண்கள் இல்லையென்றால் ஆண்களும் ஏறலாம் என்று விட்டார். பிழைத்த முதல் வகுப்பு ஆண்களில் பெரும்பாலோர் மர்டாக் பக்கத்துக்காரர்கள். ஆஸ்டர் நின்றது இடது பக்கம். எந்தக் கதவு வழியாக மேலே வந்தார் என்பதே ஒருவர் உயிரைத் தீர்மானித்திருக்கிறது.

அப்புறம் ஒரு திருத்தம். ஆணைய அறிக்கையில் முதல் வகுப்புக் குழந்தைகள் 6 பேரும் பிழைத்ததாக இருக்கும். அது தவறு. மாண்ட்ரியலைச் சேர்ந்த அலிசன் தம்பதியின் இரண்டு வயது மகள் லொரைன் பெற்றோரோடு இறந்துபோனாள். கைக்குழந்தையான தம்பியைத் தாதி வேறு படகில் கொண்டுபோனதால் அவன் மட்டும் மிஞ்சினான்.

இன்னொரு எண்ணையும் யாரும் கவனிப்பதில்லை. இரண்டாம் வகுப்பு ஆண்கள் 168 பேரில் பிழைத்தவர்கள் 14 பேர். மூன்றாம் வகுப்பு ஆண்கள் 462 பேரில் 75 பேர். விகிதத்தில் மிக மோசமாக அடிபட்டவர்கள் நடுத்தட்டுக்காரர்கள், அதாவது ஆசிரியர்களும் பாதிரியார்களும் சிறு வியாபாரிகளும். பணத்துக்கு ஏற்றபடி உயிர் பிழைத்தார்கள் என்ற நேர்க்கோடு ஆண்கள் விஷயத்தில் இங்கே உடைகிறது. அவர்கள் பெயரில் எந்தப் பதிவும் சுற்றுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

நீலப்புறா:
கணக்குப்பிள்ளை அண்ணா, பக்கத்தைச் சொன்னீர்கள், சரி. நேரத்தைச் சொல்லவில்லை.

பனிப்பாறையில் மோதியது இரவு 11:40. மூன்றாம் வகுப்புப் பெண்களையும் குழந்தைகளையும் மேலே அனுப்பு என்ற சொல் ஜான் ஹார்ட் என்ற பணியாளருக்கு வந்து சேர்ந்தது 12:30 வாக்கில். அதற்குள் மேலே முதல் வகுப்பு அறைகளின் பணியாளர்கள் கதவு கதவாகத் தட்டி, ஆட்களை எழுப்பி, மிதவை அங்கியைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். 12:45 வாக்கில் முதலில் இறங்கிய 7ஆம் எண் படகில் 65 பேருக்கு இடம். போனவர்கள் 30 பேர்கூட இல்லை. கதகதப்பான கப்பலை விட்டு இருட்டில் இறங்க அப்போது யாருக்கும் மனமில்லை, அதிகாரிகள் கெஞ்சித்தான் ஏற்றினார்கள். அந்த நேரத்தில் அங்கே நின்றிருந்தவர் யாரோ அவருக்கு இடம் கிடைத்தது. மூன்றாம் வகுப்புக்காரர்கள் அப்போது கீழே, கப்பலின் முன் கோடியிலும் பின் கோடியிலும் இருந்தார்கள். படகுத் தளத்துக்கு நேர்வழி அவர்களுக்குக் கிடையாது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டப்படி அவர்களைத் தனியே வைக்கத் தடுப்புகள் வேறு. பலருக்கு ஆங்கிலமும் தெரியாது. ஹார்ட் இரண்டு தடவை கீழே போய் இரண்டு கூட்டமாகப் பெண்களையும் குழந்தைகளையும் நடைபாதை நடைபாதையாகக் கூட்டிவந்தார். அவர் ஒருவர் செய்ததை இருபது பேர் செய்திருந்தால் அந்த 79 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வேறு எண் இருந்திருக்கும்.

கோயிலில் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கியவர் யாரையும் இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போவதில்லை. வரிசையே அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது. டைட்டானிக்கிலும் அதேதான். ஆகவே ஆஸ்டர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே எனக்கு முக்கியமாகப் படவில்லை.

பாய்மரம்:
சகோதரி, நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். ஆனால் வேண்டுமென்றே தடுத்து வைத்தார்கள் என்று இங்கே பலர் எழுதுகிறார்கள். ஆணையத்தின் தலைவர் மெர்சி பிரபு அதை விசாரித்து, மூன்றாம் வகுப்புப் பயணிகள் பாரபட்சமாக நடத்தப்படவில்லை என்று தீர்ப்பு சொன்னார். அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் ஹார்பின்சனே அப்படித் தடுத்ததற்குச் சாட்சியம் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

மாலைக்கதிர்:
சாட்சியம் எப்படி இருக்கும்? அந்த விசாரணையில் மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவரைக்கூடக் கூண்டில் ஏற்றவில்லை! அமெரிக்க செனட் விசாரணை மூவரையாவது கூப்பிட்டது. அதில் டேனியல் பக்லி என்ற அயர்லாந்து இளைஞர், மேலே போகும் வழியிலிருந்த கதவை ஒரு மாலுமி பூட்டியதையும், பயணிகள் அதை உடைத்துக்கொண்டு போனதையும் சொன்னார்.

முதல் வகுப்புக்காரர்களுக்கு லண்டனில் என்ன மரியாதை நடந்தது என்றும் பாருங்கள். 1ஆம் எண் படகில் 40 பேருக்கு இடம். போனவர்கள் 12 பேர், அதில் 7 பேர் பணியாளர்கள். மீதி ஐந்து பேரில் சர் காஸ்மோ டஃப் கார்டனும், ஆடை வடிவமைப்பில் புகழ்பெற்ற அவர் மனைவியும், அந்த அம்மாவின் செயலரும் அடக்கம். தண்ணீரில் நூற்றுக்கணக்கானோர் கத்திக்கொண்டிருந்தபோது அந்தப் படகு திரும்பவில்லை. பின்னால் டஃப் கார்டன் அந்தப் பணியாளர்களுக்கு ஆளுக்கு 5 பவுண்டு கொடுத்தார். விசாரணைக்கு அவர் வந்தபோது உயர்குடிக் கூட்டம் வேடிக்கை பார்க்கத் திரண்டது.

பாய்மரம்:
அந்த 5 பவுண்டுக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். கப்பல் மூழ்கிய நிமிடத்திலிருந்து பணியாளர்களுக்குச் சம்பளம் நின்றுவிடும், அதுதான் அன்றைய வழக்கம். எங்கள் உடைமையும் போச்சு, சம்பளமும் போச்சு என்று படகிலிருந்த ஒரு தொழிலாளி புலம்பியதைக் கேட்டுத்தான் அவர் பணம் தருவதாகச் சொன்னார். படகு திரும்பாமல் இருக்கக் கொடுத்த லஞ்சம் இல்லை என்று ஆணையமும் சொல்லிவிட்டது.

நீலப்புறா:
ஆணைய அறிக்கையில் அதே பத்தியின் அடுத்த வரியையும் சேர்த்துப் படியுங்கள். திரும்பிப் போகும்படி அவர் அந்த ஆட்களை ஊக்கியிருந்தால் அவர்கள் முயன்றிருப்பார்கள், சில உயிர்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் மெர்சி எழுதியிருக்கிறார். 28 இடம் காலியாக இருந்தது. என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

கணக்குப்பிள்ளை:
நேரம் பற்றி நீலப்புறா சொன்னதற்கு ஒரு வலுவான ஒப்பீடு இருக்கிறது. 1915 மே 7, லூசிட்டானியா. நியூயார்க்கிலிருந்து லிவர்பூல் போன கப்பல், அயர்லாந்து பக்கத்தில் ஜெர்மன் நீர்மூழ்கி அடித்தது, 18 நிமிடத்தில் மூழ்கியது. அதில் 48 படகுகள் இருந்தும் கப்பல் சாய்ந்துவிட்டதால் ஒழுங்காக இறங்கியவை 6தான். அங்கே மூன்று வகுப்பிலும் பிழைத்தவர் விகிதம் ஏறக்குறைய ஒன்றே, பத்துக்கு நான்குக்குச் சற்றுக் குறைவு. ஆல்ஃபிரட் வாண்டர்பில்ட் போன்ற பெரும் பணக்காரரும் தப்பவில்லை.

டைட்டானிக்கில் 2 மணி 40 நிமிடம் கிடைத்தது. முதல் வகுப்புக்குக் கிடைத்த சலுகை வேலை செய்ய அந்த நேரம் தேவைப்பட்டது. எழுப்பிவிட ஆள், வழி, அறிமுகம் இதெல்லாம் 18 நிமிடத்தில் பயன்படாது. பாய்மரம் சார், ஒழுங்கும் பண்பும் நிலவியதாக நீங்கள் போற்றும் அதே இரண்டரை மணி நேரத்தில்தான் வகுப்பு தன் வேலையைக் காட்டியிருக்கிறது.

பாய்மரம்:
ஒப்பீடு நன்றாக இருக்கிறது. ஆனால் மொத்தப் படகுகளில் 1,178 பேருக்குத்தான் இடம், கப்பலில் 2,201 பேர். டைட்டானிக் 46,000 டன்னுக்கு மேல். 10,000 டன்னைத் தாண்டிய கப்பல் எதுவானாலும் 16 படகு போதும் என்ற பழைய விதியை மாற்றாமல் வைத்திருந்தது பிரிட்டிஷ் வணிக வாரியம். எத்தனை நேர்மையாக வரிசை வைத்திருந்தாலும் ஆயிரம் பேர் சாகத்தான் வேண்டும். அந்த வாரியத்தைப் பற்றி யாருக்கும் கோபம் வரவில்லை, செத்துப்போன ஸ்ட்ராஸ் மேல்தான் வருகிறது.

மாலைக்கதிர்:
ஸ்ட்ராஸ் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர் ஒருவரைக் காட்டி 175 பேருக்கும் மாலை போடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கப்பல் நிறுவனத்தின் தலைவர் இஸ்மே அந்த 57 பேரில் ஒருவர்.

வகுப்பு அதோடு முடியவுமில்லை. உடல்களைத் தேட ஹாலிஃபாக்ஸிலிருந்து போன மக்கே-பென்னட் கப்பல் 306 உடல்களை எடுத்தது. பதப்படுத்தும் மருந்து போதாமல் 116 பேரைக் கடலிலேயே திரும்ப இறக்கினார்கள். முதல் வகுப்புக்காரர்களின் உடல்கள் பெட்டியில் வந்தன. இரண்டாம், மூன்றாம் வகுப்புக்காரர்களுக்குக் கித்தான் துணி. பெரிய சொத்து உள்ளவர்களை அடையாளம் காட்ட வேண்டியிருக்கும், அதனால் அவர்களை முதலில் பதப்படுத்தினோம் என்று கப்பல் தலைவர் லார்ண்டர் விளக்கம் சொன்னார்.

பாய்மரம்:
லார்ண்டர் சொன்ன காரணத்தை நான் ஆதரிக்கவில்லை. மூன்றாம் வகுப்புக் குடும்பத்துக்கும் உடல் வேண்டும்தான். ஆனால் அது கரையிலிருந்தவர்கள் செய்தது, செத்தவர்கள் கணக்கில் எழுதாதீர்கள். ஈடித் எவன்ஸ் விட்டுக் கொடுத்த இடம் ஒரு தாய்க்குப் போனது. இஸ்மே ஏறிய படகை வைத்து அதைக் குறைத்துப் பேச நான் விடமாட்டேன்.

நீலப்புறா:
ஈடித்தை யாரும் குறைக்கவில்லை. முதல் வகுப்புப் பெண்கள் 144 பேரில் இறந்தவர்கள் நால்வர், அவர்களில் ஐடா, ஈடித் இருவரை நீங்களே பெயர் சொல்லிவிட்டீர்கள். மூன்றாம் வகுப்புப் பெண்களில் 89 பேர் இறந்தார்கள். அவர்களிலும் குழந்தையை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு நின்றவர் இருந்திருக்கக் கூடும். எழுதி வைக்க மேல்தளத்துச் சாட்சி யாரும் பக்கத்தில் இல்லை.