படிக்கட்டில் உட்கார்ந்த அக்காவும் எட்டு நாள் விடுப்பும்

செந்தூல், கோலாலம்பூர்:

நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் துப்புரவுப் பணியைக் குத்தகை நிறுவனம் ஒன்று செய்கிறது. அங்கே பணிபுரியும் ஓர் அக்கா முற்பகலில் நான்காம் மாடிப் படிக்கட்டில் கால் நீட்டி உட்கார்ந்துவிடுகிறார் என்று புகார் வந்தது. எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பதற்கு முன் அவரை விசாரித்து வரும்படி என்னை அனுப்பினார்கள்.

அவர் எதையும் மறுக்கவில்லை. “இருபது வருஷமா இதே கட்டடத்தைத்தான் கூட்டுறேன் தம்பி. லீவு பன்னண்டு நாளா ஏறும், கம்பெனி மாறுனதும் திரும்ப எட்டுக்கே வந்துரும்” என்றார். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 8 நாளும், ஐந்து ஆண்டுக்குள் இருப்பவருக்கு 12 நாளும், அதற்கு மேற்பட்டவருக்கு 16 நாளும் ஆண்டு விடுப்பு உண்டு. குத்தகை கைமாறும்போதெல்லாம் வருகிற நிறுவனம் பழைய ஆட்களையே புதியவர்களாகப் பதிந்துகொள்வதால், அந்தப் 16 நாளை அவர் கண்டதே இல்லை. சம்பளமும் அப்படித்தான்: குறைந்தபட்சச் சம்பளம் 2022இல் 1,500 ரிங்கிட்டாகவும் 2025இல் 1,700 ரிங்கிட்டாகவும் ஆனபோது அவருக்கும் கூடியது, நேற்றுச் சேர்ந்தவருக்கும் அதே தொகைதான்.

இப்படிப்பட்ட ஏற்பாட்டில், கொடுக்கிற காசுக்குத் தக்கபடி மட்டும் உழைப்பவரை வேலை நேரத்தைத் திருடுகிறவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் விட்ட வேலையை நிறுவனமா செய்யப்போகிறது? கூட இருக்கும் பெண்தானே இரண்டு மாடிக் கழிவறைகளையும் கழுவ வேண்டும்? இதைக் கேட்டதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. இருவரும் முறை வைத்துத்தான் உட்காருவதாகவும், அந்தப் பெண் உட்காரும்போது அவள் மாடியையும் தாமே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். எங்கள் அலுவலகத்தின் வேலைப் பங்கீடு இவ்வளவு நேர்மையானது என்று என்னால் சொல்ல முடியாது. கடிதம் வேண்டாம் என்று குறிப்பெழுதிக் கொடுத்தேன். மேலே அதற்கு வரவேற்பு இல்லை.

பட்டர்வொர்த், பினாங்கு:

செந்தூல் நண்பர் எழுதிய அக்காவின் கதையைப் படித்ததும் என் மாமனார் நினைவு வந்தது. அவர் செபராங் பிறையில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடியுமுன்பே வெட்டத் தொடங்கி, முற்பகலில் பாலெடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, மதியம் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் படுத்துவிடுவார். அந்த மதியத்தை மட்டும் பார்த்தவர்கள் தோட்டத்துத் தமிழனைச் சோம்பேறி என்றார்கள். மழை பெய்தால் வெட்டும் இல்லை, கூலியும் இல்லை. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. தோட்டக் கூலியாக வர மறுத்துத் தம் நிலத்தில் உழைத்த மலாய்க்காரர்களுக்கும் காலனி ஆட்சி இதே பட்டத்தைத்தான் கொடுத்தது என்று மலேசியச் சமூகவியல் அறிஞர் சையட் ஹுசேன் அலாத்தாஸ் 1977இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டினார். மறுத்தவரும் சோம்பேறி, ஒத்துக்கொண்டு வந்தவர் சற்றுச் சாய்ந்தால் அவரும் சோம்பேறி!

செந்தூல் நண்பரிடம் ஒரு கேள்வி. அடுத்த குத்தகை ஒப்பந்தத்தில், பழைய ஆட்களின் சேவைக் காலத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைக்கும்படி உங்கள் பிரிவு கேட்க முடியுமா? அந்த அக்காவுக்கு 16 நாள் கிடைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.