டேங்கர் வண்டிக்கு புதுசு, பங்க்ல லோடு இறக்கறப்ப பயமா இருக்கு, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

புதுஓட்டி:
வணக்கம்ணா. 9 வருசமா சிமெண்ட் லோடு ஓட்டிட்டு போன மாசம்தான் பெட்ரோல் டேங்கருக்கு வந்தேன். 12 கிலோலிட்டர் வண்டி, டேங்க்குக்குள்ள மூணு சேம்பர், அதாவது தனித்தனி அறை. 3 நாள் ட்ரெயினிங் போய் லைசென்ஸ்ல ஏத்தியாச்சு, ஆனா அங்க சொன்னது பாதி மண்டைல ஏறல. சங்ககிரில லோடு எடுத்து தர்மபுரி பக்கம் ரெண்டு பங்க்குக்கு போறேன். முதல் பங்க்ல ஒரு சேம்பர் காலி பண்ணிட்டு கிளம்பினா வளைவுல வண்டி வேற மாதிரி போகுது, சிமெண்ட் மூட்டை மாதிரி இல்ல. அதவிட பெரிய விசயம், நேத்து ராத்திரி ஒரு பங்க்ல க்யூ நிக்குது சீக்கிரம் இறக்குன்னு அவசரப்படுத்துனாங்க, நானும் எர்த் கிளிப்ப (வண்டில சேர்ற கரண்ட தரைக்கு இறக்கற கம்பியோட கிளிப்) அப்பறம் மாட்டிக்கலாம்னு ஹோஸ முதல்ல மாட்டிட்டேன். ஒண்ணும் ஆகல. ஆனா வீட்டுக்கு வந்து படுத்தா தூக்கமே வரல. அது அவ்ளோ பெரிய தப்பா?

பழைய ஸ்டியரிங்:
தம்பி பெரிய தப்புதான். நான் 22 வருசமா இதே வண்டிதான் ஓட்டறேன், அதனால உரிமையா சொல்றேன், கோச்சுக்காத. எண்ணெய் பைப்ல ஓடறப்ப கரண்ட் சேரும், வண்டி ரோட்டுல ஓடி வந்தாலும் சேரும். கிளிப் மாட்டுற நொடில அந்த கரண்ட் ஒரு பொறியா குதிக்கலாம். மூடி எதுவும் திறக்காம முதல்ல மாட்டினா பொறி வந்தாலும் பக்கத்துல ஆவி இல்ல. எல்லாத்தையும் திறந்து வெச்சுட்டு அப்பறம் மாட்டினா நீயே தீக்குச்சி உரசின மாதிரி. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரில கூட பத்தற அளவுக்கு ஆவி விடும், நம்ம ஊர் வெயில்ல கேக்கவே வேணாம். அந்த ஆவி காத்தவிட கனம், மேல போகாது, தரையோட ஊர்ந்து போய் பள்ளத்துல நிக்கும், கொஞ்ச தூரத்துல எவனோ பைக் கிக் பண்ணாலே போதும்.

அதனால பழக்கம் இப்படி வெச்சுக்க, வண்டிய வெளிய போற பக்கம் பாத்து நிறுத்து, இன்ஜின் ஆஃப், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்கு கட்டை, மாஸ்டர் சுவிட்ச் ஆஃப், உடனே மேல ஏறி டிப் (குச்சி விட்டு எண்ணெய் அளவு) பாக்காத, கொஞ்ச நேரம் எண்ணெய் அடங்கட்டும். கிளிப்ப பெயிண்ட் மேலயோ துரு மேலயோ மாட்டினா மாட்டாத கணக்குதான், வெறும் இரும்பு தெரியற இடத்துல கடிக்கணும். கழட்டறப்ப வால்வு மூடி, ஹோஸ்ல மிச்சம் வடிஞ்சு, ஹோஸ் கழட்டி, மூடி எல்லாம் போட்டப்பறம் கடைசியாத்தான் எர்த். செல்ல கேபின்லயே ஆஃப் பண்ணி வெச்சுட்டு இறங்கு. எண்ணெய் இறங்கறப்ப டீ குடிக்க போகவே போகாத, வால்வு பக்கத்துலயே நில்லு.

வளைவு விசயம், ஃபுல் லோடுலயும் சேம்பர்ல மேல கொஞ்சம் இடம் விட்டுத்தான் ஏத்துவாங்க, சூட்டுல எண்ணெய் பெருகும்ல, அதனால எப்பவும் அசையும். வேகத்த வளைவுக்கு முன்னாடியே குறைச்சுடு, வளைவுக்குள்ள போய் பிரேக் போடாத. எந்த சேம்பர எந்த பங்க்குக்குன்னு லோடு ஏத்தறப்பவே யோசி, முன்னாடி காலியாகி பின்னாடி மட்டும் கனமா இருந்தா ஸ்டியரிங் லேசாயிடும். திரும்பி வர்றப்ப தொப்பூர் மலை இறக்கத்துல நீ காலி வண்டியோடதான் இறங்குவ, காலிதானேன்னு நினைக்காத, உள்ள ஆவி நிக்குது. ஃபுல் டேங்க்கவிட காலி டேங்க்குக்குதான் நான் பயப்படுவேன். நியூட்ரல்ல விடாத, கீழ் கியர்லயே இறங்கு.

பங்க்காரன்:
நான் பங்க் பக்கத்துல இருந்து பேசறேன். உங்கள அவசரப்படுத்துனது தப்பு, நாங்கதான் அந்த பக்கம் சேல்ஸ் நிறுத்தி கயிறு கட்டி தீயணைப்பான கொண்டாந்து வெக்கணும். ஆனா ஒண்ணு சொல்றேன், புது டிரைவருங்க கிட்ட தீயவிட அதிகமா நடக்கறது மாத்தி இறக்கறது. எங்க பங்க்லயே ஒருதடவ பெட்ரோல் டேங்க்ல டீசல் போயிருச்சு, ராத்திரி நேரம், ரெண்டு பேரும் களைப்பு, மூடில எழுதினது அழிஞ்சிருந்துது, யாரும் கேக்கல. அந்த டேங்க்க மொத்தமா காலி பண்ணி கழுவி திரும்ப விக்கறதுக்குள்ள உயிர் போச்சு. அதுல இருந்து மேனேஜர் வந்து பைப்ப கைய வெச்சு காட்டாம வால்வு திறக்க விடறதே இல்ல, நீங்களும் அப்படி கேளுங்க. கீழ டேங்க்ல இடம் இருக்கான்னு டிப் போட சொல்லுங்க. டென்சிட்டி (எண்ணெயோட அடர்த்தி) இன்வாய்ஸ்ல இருக்கறதுக்கும் இங்க பாத்து 15 டிகிரி சூட்டுக்கு கணக்கு மாத்தினதுக்கும் கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல வித்தியாசம் வந்தா இறக்காதீங்க. மழைல மூடி திறக்காதீங்க, இப்ப பெட்ரோல்ல எத்தனால் இருக்கு, தண்ணி பட்டா எத்தனால் தண்ணியோட சேந்து அடில தங்கிடும், அப்பறம் நின்னு போற வண்டிக்கெல்லாம் நாங்கதான் பதில் சொல்லணும்.

ரோட்டோரம்:
ஒண்ணே ஒண்ணு சேக்கறேன். கவிழ்ந்துட்டா வண்டிய காப்பாத்த நினைக்காதீங்க, ஆளுங்கள விரட்டுங்க. 2017 ஜூன்ல பாகிஸ்தான் பகவல்பூர் பக்கம் கவிழ்ந்த டேங்கர்ல குடம் குடமா பெட்ரோல் பிடிக்க கூடின ஜனம் 200 பேருக்கு மேல தீல செத்தாங்க. காத்து வர்ற பக்கமா நின்னு, ரெண்டு பக்கமும் ட்ராஃபிக்க நிறுத்தி 101க்கோ 112க்கோ அடிச்சு வண்டில எழுதியிருக்கற யூ.என் நம்பர (உள்ள என்ன சரக்குன்னு காட்டற நம்பர்) சொல்லுங்க, பெட்ரோல்னா 1203, டீசல்னா 1202, அத கேட்டதும் ஃபோம் வேணும்னு அவங்களுக்கு புரிஞ்சிடும். ட்ரெம் கார்டு (விபத்துன்னா என்ன செய்யணும்னு எழுதியிருக்கற அட்டை) கேபின்ல கைக்கு எட்டற இடத்துல இருக்கட்டும்.

புதுஓட்டி:
எல்லாருக்கும் நன்றிண்ணா. இன்னைக்கு காலைல கிளிப்ப எடுத்து பாத்தேன், பல்லு பூரா பெயிண்ட் ஒட்டி இருந்துது, உப்புத்தாள் வெச்சு தேய்ச்சுட்டேன். இன்னொரு டவுட், போன லோடு பெட்ரோல் இருந்த சேம்பர்ல இந்த தடவ டீசல் ஏத்தறாங்க, அதுக்கு தனியா எதாவது பாக்கணுமா?

பழைய ஸ்டியரிங்:
பாக்கணும், நல்லா கேட்ட. மிச்சம் இருக்கற பெட்ரோல் ஆவிய டீசல் இழுத்துக்கும், அதனால சேம்பருக்குள்ள ஆவியும் காத்தும் கலந்தது பத்தற அளவுக்கு வந்து நிக்கும், டீசல்லயும் கரண்ட் சேரும். மூணு சேம்பரையும் ஒழுங்கா வடிச்சுட்டு போ, போன லோடு என்னன்னு லோடு ஏத்தற டெர்மினல்ல மறைக்காம சொல்லு, ஆரம்பத்துல மெதுவா ஏத்த சொல்லு, ஏத்தற பைப்போட அடி முனை எண்ணெய்ல முங்கற வரைக்கும் வேகம் கூட்ட விடாத. எர்த் சரியா மாட்டியிருக்குன்னு காட்டற கிரீன் லைட் எரியலன்னா கையெழுத்து போடாத.