16 மணித்தியாலத்தைத் தாண்டினால் நட்டமா?

ஹரோ_ராஜன்:
இங்கே பிரித்தானியாவில் யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக்காரருக்கான அரச உதவிக்காசு) எடுத்துக்கொண்டு பகுதிநேர வேலை செய்பவர்களை ஜாப் சென்டர் (அரச வேலைவாய்ப்பு அலுவலகம்) கூப்பிட்டு, நேரத்தைக் கூட்டச் சொல்வது சரியென்றே நினைக்கிறேன். 2024 மே முதல், கிழமைக்கு 18 மணித்தியாலக் குறைந்தபட்சச் சம்பளமும் உழைக்காதவர்களை அடிக்கடி கூப்பிடுகிறார்கள். எங்கள் ஆட்கள் பலர் 16 மணித்தியாலத்தோடு நிற்பது, தாண்டினால் நட்டம் என்ற பழைய டக்ஸ் கிரெடிட் (முன்பிருந்த அரச உதவி) காலத்துப் பயம். இப்போது அந்தக் கோடு கிடையாது. கூடச் செய்தால் கையில் கூடத்தான் வரும்.

வெம்பிளி_கலா:
எவ்வளவு கூட என்பதையும் சொல்லுங்கள் அண்ணா. 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் 12.21 பவுண் ஆனது. விலக்குத் தொகையை (வெட்டில்லாமல் உழைக்கக்கூடிய தொகை) தாண்டினால் கைக்கு வரும் ஒவ்வொரு பவுணுக்கும் கிரெடிட்டில் 55 பென்ஸ் வெட்டு. வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் கட்டுகிறவருக்கு, அந்த 12.21 ஊதியத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மிஞ்சுவது 4 பவுண்கூட இல்லை. நாலு மணித்தியால ஷிஃப்டுக்கு 16 பவுணுக்கும் குறைவு. அதில் பஸ் காசும் போய்விடும்.

ஹரோ_ராஜன்:
2021 வரை 63 பென்ஸ் வெட்டினார்களே தங்கச்சி, இப்போது குறைந்துதானே இருக்கிறது. பிள்ளை பராமரிப்புச் செலவில் 85 வீதம் வரை தருகிறார்கள். நேரத்தைக் கூட்டும்போது அந்தக் காசை முற்பணமாகவும் கேட்கலாம், 2023இல் வந்த மாற்றம். பலருக்கு இது தெரியாது. இதைச் சொல்ல ஒரு வொர்க் கோச் (ஜாப் சென்டர் ஆலோசகர்) வேண்டாமா?

குரோய்டன்_சிவா:
கூப்பிட்டுச் சொன்னால் என்ன நடக்கும் என்று அரசாங்கமே 2015 முதல் 2018 வரை ஏறக்குறைய 30,000 பேரை வைத்துப் பார்த்தது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை சந்தித்தவர்கள், பெரும்பாலும் தொந்தரவில்லாமல் விடப்பட்டவர்களைவிட, ஒரு வருடம் கழித்துக் கிழமைக்கு 5 பவுண் சொச்சம்தான் கூட உழைத்தார்கள்.

ஹரோ_ராஜன்:
வருடத்துக்கு 250 பவுணுக்கு மேல் வருகிறதே தம்பி. ஒரு குளிர்கால காஸ் பில்லுக்கு ஆகும்.

வெம்பிளி_கலா:
அண்ணா, நான் முதியோர் இல்லமொன்றில் கெயாரர். ஞாயிறு இரவு மனேஜர் வட்ஸ்அப் குழுவில் மேலதிக ஷிஃப்டுகளைப் போடுவார். முதலில் "ஓம்" போடுகிறவருக்குத்தான் வேலை. லெவல் 3 பராமரிப்புப் படிப்பு முடித்து சீனியர் ஆனேன், மணிக்கு 60 பென்ஸ் கூட்டினார்கள். எல்லா வெட்டும் போகக் கையில் 20 பென்ஸ்கூட இல்லை. ஆனால் மருந்து கொடுக்கும் பொறுப்பு முழுக்க என் தலையில். ஜாப் சென்டரில் என்னை உட்காரவைத்துப் பேசினால் அந்த 60 பென்ஸ் கூடப்போவதில்லை.

குரோய்டன்_சிவா:
அக்கா சொல்வது நியாயம், ஆனால் அதே இடத்தில் இருந்தால் சம்பளம் ஏறாது. லண்டனில் லண்டன் லிவிங் வேஜுக்கு (லண்டனில் வாழத் தேவையென்று கணித்த ஊதியம்) கீழே உழைப்பவர்களுக்குப் பல கொலிஜ் படிப்புகள் இலவசம். வேறு துறைக்குப் போகலாம்.

ஹரோ_ராஜன்:
அதைத்தான் கோச் சொல்லவேண்டும். சந்திப்பையே வேண்டாம் என்காதீர்கள்.

வெம்பிளி_கலா:
சந்திப்பு இருக்கட்டும். வராவிட்டால் காசை வெட்டுவோம் என்பதை எடுக்கச் சொல்கிறேன். அப்புறம், படிக்கப் போகிற மாலைகளில் ஷிஃப்டை மாற்றித் தரும்படி என் மனேஜரிடம் யார் கேட்பது? கோச் கேட்பாரா?