வாடகை வீட்டில் திரு இருதயப் படம் ஸ்தாபிக்கலாமா? கணவர் வெளிநாட்டில் இருக்கும்போது ஒப்புக்கொடுக்கலாமா?

பள்ளத்தூர்_மருமகள்:

இயேசுவுக்குப் புகழ், மரியே வாழ்க. ரொம்ப நாளாக மனதில் இருப்பதைக் கேட்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எங்கள் குடும்பத்தை இயேசுவின் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுத்து, வீட்டில் படத்தை முறையாக ஸ்தாபிக்க வேண்டும் என்று ஆசை. ஜூன் மாதம் திரு இருதய திருநாளன்று வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். மாமியார் வேண்டாம் என்கிறார்கள். நாங்கள் இருப்பது ஒரு பழைய செட்டியார் வீட்டின் பின்கட்டில், வாடகைக்கு. வீட்டுக்கார ஆச்சி முன்கட்டில் இருக்கிறார்கள், தங்கமான மனுஷி. தலைவாசல் நிலையில் கஜலட்சுமி செதுக்கியிருக்கும், அதைத் தாண்டித்தான் நாங்களும் போய்வர வேண்டும். "அந்த நிலைக்குள்ள திரு இருதயத்தைக் கொண்டாந்து எப்படி வைப்ப, சொந்த வீடு கட்டினப்புறம் பாத்துக்கலாம்" என்பது மாமியார் வாதம். சொந்த வீடு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

அவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், டிசம்பரில்தான் லீவு. மகன் பிளஸ் டூ. டியூஷன் முடிந்து வரவே எட்டரை ஆகிவிடுகிறது, ஜெபத்துக்குக் கூப்பிட்டால் "நான் மனசுக்குள்ளேயே வேண்டிக்கிறேம்மா" என்கிறான். மகள் எட்டாவது, அவள் உட்காருவாள், ஆனால் பாதி ஜெபமாலையில் தூங்கிவிடுவாள். இந்த நிலையில் ஒப்புக்கொடுப்பது சரியா, இல்லை எல்லோரும் சேரும்வரை காத்திருக்க வேண்டுமா?

இன்னொரு சங்கடம், இந்தச் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று ஆச்சி முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

தேவகோட்டை_உபதேசியார்:

மரியே வாழ்க, அம்மா. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஆணி விஷயத்தில் ஆச்சி சொல்வது நியாயம். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர் அது, ஒரு ஆணி அடித்தால் சுற்றிலும் பெயர்ந்துவிடும், இன்றைக்கு அதைப் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப்பிடிப்பது பெரும்பாடு. படம் சுவரில்தான் தொங்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. ஒரு மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வையுங்கள், போதும். ஆனால் இடம் முக்கியம். உள்ளறை மூலையிலோ பீரோ மேலோ வேண்டாம். வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடம், நீங்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற, பேசுகிற, சண்டை போடுகிற இடம், அதுதான் சரியான இடம்.

இந்தப் பக்தி எப்படி வந்தது என்று தெரிந்தால் உங்கள் பாதிக் குழப்பம் தீரும். 1670களில் பிரான்சில் பாரே-லெ-மோனியால் மடத்தில் புனித மார்கரீத் மரியாவுக்கு ஆண்டவர் தம் இருதயத்தைக் காட்டியது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீடுகளில் படத்தை ஸ்தாபித்துக் குடும்பத்தை ஒப்புக்கொடுக்கும் இப்போதைய முறையைப் பரப்பியவர் மத்தேயோ கிராலி என்ற குரு. பெரு நாட்டில் பிறந்து சிலி நாட்டு வால்பரைசோவில் பணி செய்தவர். 1906-ல் அங்கே பெரிய நிலநடுக்கம் வந்து ஊரே இடிந்தது, அவர் உடம்பும் கெட்டுப்போய் ஐரோப்பாவுக்கு வந்தார். 1907 ஆகஸ்டில் அதே பாரே-லெ-மோனியால் சிற்றாலயத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தபோது குணமானார், வீடு வீடாகப் போய் உலகத்தைத் திரு இருதயத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணமும் அங்கேதான் அவருக்கு வந்தது. திருத்தந்தை பத்தாம் பயஸ் அதற்கு முழு ஆதரவு கொடுத்தார்.

அவர் தேடியது குடும்பங்களை, சொந்தப் பட்டா உள்ள வீடுகளை அல்ல. நீங்கள் ஒப்புக்கொடுப்பது உங்களை. நிலையும் கதவும் ஆச்சி வீட்டு முன்னோர் செய்து வைத்தது, அது அவர்கள் சொத்து, அவர்கள் நம்பிக்கை. அதற்கு மரியாதை கொடுத்து உள்ளே போங்கள், பின்கட்டில் உங்கள் குடும்பம் யாருக்குச் சொந்தம் என்பதை நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். ஃபாதர் வருகிறார், ஜெபம் பாட்டுச் சத்தம் வரும் என்று ஆச்சியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள், அன்றைக்குச் சுடுகிற வெள்ளைப் பணியாரத்தில் அவர்களுக்கும் கொடுத்தனுப்புங்கள்.

முறை இவ்வளவுதான்: பங்குத்தந்தை வந்து படத்தை மந்திரிப்பார், அதாவது ஜெபம் சொல்லி ஆசீர்வதிப்பார். குடும்பத்தலைவர் அதை எடுத்து அதன் இடத்தில் வைப்பார். எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்ல வேண்டும். அப்புறம் ஃபாதர் சில வார்த்தை பேசுவார், ஒப்புக்கொடுக்கும் ஜெபம் வாசிக்கப்படும். அதன் பிறகு வருவதைக் கவனியுங்கள், குடும்பத்தில் அங்கே இல்லாதவர்களுக்காக, உயிரோடு இருப்பவர்கள் இறந்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து, ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்லச் சொல்லி முறையிலேயே இருக்கிறது. எல்லோரும் கூடியிருக்கும் குடும்பத்துக்கு மட்டும்தான் இது என்றால் அந்த ஜெபமே தேவைப்பட்டிருக்காது. ஃபாதருக்கு வர முடியாவிட்டால் படத்தைக் கோயிலில் மந்திரித்து வாங்கிவந்து, வீட்டில் பெரியவர் ஒருவர் முன்னின்று நடத்தலாம். உங்கள் மாமியாரையே நடத்தச் சொல்லுங்களேன்.

சருகணி_பக்கம்:

ஐயா சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. அக்கா, என்னைக் கேட்டால் டிசம்பர் வரை பொறுங்கள்.

எங்கள் வீட்டில் அப்பாதான் ஜெபம் தொடங்குவார். வயலிலிருந்து வந்து கால் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் முழங்கால் போடும் சத்தம் கேட்டால் நாங்கள் எங்கே இருந்தாலும் வந்துவிடுவோம், கூப்பிட வேண்டியதே இல்லை. இன்றைக்குப் பல வீடுகளில் ஜெபம் என்றால் அது அம்மா டிபார்ட்மெண்ட் என்று ஆகிவிட்டது. ஆண்பிள்ளைகள் பதினைந்து வயதில் நழுவுவது அதனால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்பா இல்லாமல் படம் வைத்தால் உங்கள் மகன் அதையும் அம்மா கணக்கில் எழுதிவிடுவான். அவர் கையால் வைக்கட்டும். ஆறு மாதம் ஒன்றும் பெரிதில்லை, அதுவரை மாதத்தின் முதல் வெள்ளி தவறாமல் பூசைக்குப் போய்த் தயார் செய்யுங்கள்.

சிங்கப்பூர்_காரைக்குடியான்:

சருகணி தம்பி சொல்வது எனக்குச் சுருக்கென்று பட்டது, ஏனென்றால் நானும் அந்த இல்லாத அப்பாக்களில் ஒருவன். ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காகவே நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். டிசம்பரில் வந்து நாலு வாரம் இருக்கிறோம், அதில் கல்யாணம், காதுகுத்து, பேங்க் வேலை, உறவு வீடு என்று ஓடிவிடும். அந்த நாலு வாரத்தில் மட்டும் அப்பா ஜெபத்துக்குத் தலைமை தாங்கினால், மீதி மாதங்களில் அந்த வீட்டுக்குத் தலை இல்லை என்றுதானே பிள்ளைகள் நினைப்பார்கள்?

அவரை வீடியோ காலில் சேருங்கள், ஆனால் வெறுமனே பார்க்க மட்டும் வைக்காதீர்கள். ஒப்புக்கொடுக்கும் ஜெபத்தை அவர் வாசிக்கட்டும். அதன் போட்டோவை முன்னாடியே அனுப்பிவிடுங்கள், தனியாக உட்கார்ந்து ஒரு தடவை படித்துப் பார்க்கட்டும். இங்கே இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, நீங்கள் ஆறரைக்கு வைத்தால் இங்கே ஒன்பது, ஷிப்டு முடிந்து டார்மிட்டரிக்கு வந்திருப்பார். படத்தைத் தூக்கி வைப்பது மகன் கையாக இருக்கட்டும், அப்பாவுக்குப் பதிலாக. அவனை உட்காரச் சொல்லிக் கெஞ்சுவதைவிட ஒரு வேலையைக் கொடுப்பது மேல். டிசம்பரில் அவர் வந்ததும் எல்லோரும் சேர்ந்து புதுப்பித்துக்கொள்ளுங்கள், புதுப்பிப்பது இந்தப் பக்தியிலேயே உள்ள வழக்கம்தான், வருடா வருடம் செய்யலாம்.

மூன்று_பிள்ளை_அம்மா:

நான் பிள்ளைகள் பற்றி மட்டும் சொல்கிறேன். எட்டரை மணிக்குப் பசியோடு வருகிற பையனை ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலைக்கு உட்கார வைக்காதீர்கள் அக்கா, அவனுக்கு ஆண்டவர்மேல் கோபம் வரும். முதலில் சோறு போடுங்கள். பிறகு ஜெபமாலையில் பத்து மணிகள் மட்டும், தியானிக்க ஒரே ஒரு மறைபொருள். முழு ஜெபமாலையை நீங்களும் அத்தையும் சாயங்காலமே சொல்லிவிடுங்கள். ஜூன் மாதத்தில் திரு இருதயப் பிரார்த்தனை சொல்லுங்கள், 1899-ல் திருச்சபை அங்கீகரித்தது, முப்பத்துமூன்று மன்றாட்டு, ஆண்டவர் இந்தப் பூமியில் வாழ்ந்த வருடங்களுக்கு ஒன்றாக. ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் "எங்கள் மேல் இரக்கமாயிரும்" என்று பதில் சொன்னால் ஐந்தே நிமிடம், தூங்கவும் முடியாது! முன்னால் சொல்கிற வேலையை மகளுக்குக் கொடுங்கள்.

மனசுக்குள் வேண்டிக்கொள்கிறேன் என்று மகன் சொன்னால் அதை நம்புங்கள், பரிகாசம் செய்யாதீர்கள். ஆனால் வீட்டு ஜெபம் வேறு என்று ஒருநாள் அமைதியாகச் சொல்லுங்கள். அவனுடைய பரீட்சைக்காகத் தங்கச்சி வாய்விட்டு வேண்டுவதை அவன் காதால் கேட்க வேண்டாமா? மனசுக்குள் வேண்டினால் அது யாருக்கும் கேட்காதே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட மனமில்லை. படம் வைத்த பிறகு அதன் முன்னால் மாமியாரும் மருமகளும் இரண்டு நாள் பேசாமல் இருக்கிற வீடுகளும் உண்டு. ஒப்புக்கொடுத்தோம் என்றால் அந்த ராத்திரி படுக்கப் போகுமுன் யாராவது ஒருவர் முதலில் பேச வேண்டும் என்று பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்கு முன்னால் விளக்கு எரிவதைவிட அதுதான் முக்கியம் என்பேன். அத்தை வேண்டாம் என்று சொன்னதையும் தட்டிவிட்டுச் செய்யாதீர்கள், அவர்கள் மனம் இறங்கிச் சம்மதித்து நடக்கட்டும். முடிந்தால் எல்லோரும் ஒரு வெள்ளிக்கிழமை இடைக்காட்டூர் போய்வாருங்கள். 1894-ல் பிரெஞ்சு சாமியார் கட்டிய திரு இருதய ஆண்டவர் கோயில் நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இருக்கிறது, அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் பேச்சு தானாக வரும்.

பள்ளத்தூர்_மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. உபதேசியார் ஐயா எழுதியதை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். இல்லாதவர்களுக்காகச் சொல்லும் ஜெபம் என்றதும் "அப்ப ஒங்க மாமாவுக்கும் சேத்துத்தானே" என்று கேட்டார்கள், மாமா இறந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. ஜூனிலேயே வைக்கலாம் என்று இப்போது அவர்களே சொல்கிறார்கள். அவரிடமும் பேசிவிட்டேன், வாசிக்கிறேன் என்றார். சருகணி தம்பி, நீங்கள் சொன்னதை அவரிடம் அப்படியே சொன்னேன், வருத்தப்படவில்லை, டிசம்பரில் லீவு முழுக்கத் தானே ஜெபம் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக ஒரு சந்தேகம். எங்கள் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த பழைய திரு இருதயப் படம் ஒன்று இருக்கிறது, மந்திரித்தது. கரையான் ஏறிப் பாதி முகம் போய்விட்டது. புதுப்படம் வைத்த பிறகு அதை என்ன செய்வது?

தேவகோட்டை_உபதேசியார்:

குப்பையில் மட்டும் போடக்கூடாது. மந்திரித்த பொருள், அதனால் காகிதத்தை எரித்துச் சாம்பலை யாரும் மிதிக்காத இடத்தில், செடி அடியில் புதைத்துவிடுங்கள். சட்டம் தேக்காக இருந்து கரையான் உள்ளே இறங்காமல் இருந்தால் தட்டிப் பாருங்கள், சத்தம் கெட்டியாக வந்தால் மண்ணெண்ணெய் தடவி வெயிலில் காயவைத்து, அம்மா கொடுத்த அதே சட்டத்தில் புதுப்படத்தைப் போட்டுக்கொள்ளலாம். கண்ணாடி மட்டும் புதிதாக வெட்டிப் போடச் சொல்லுங்கள். ஜூன் மாதத்தில் ஃபாதருக்கு வீடு வீடாக அழைப்பு வரும், இந்த ஞாயிறே பூசை முடிந்ததும் போய் நாளைக் குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.