டிரான்ஸ்பாண்டர்: 'எதிரொலிப்பான்' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ரேடாரின் கேள்விக்கு விமானத்திலிருந்து பதில் அலை அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டருக்குத் தமிழில் 'எதிரொலிப்பான்' என்று நேற்று நம் குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்த சொல்லை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அலையை எதிரொலிப்பது விமானத்தின் உலோக உடல்தான். முதனிலை ரேடாரின் அலை அதில் பட்டுத் திரும்பும்போது, ஏதோ ஒன்று இத்தனை தொலைவில் இருக்கிறது என்று தெரியுமே தவிர, அது எந்த விமானம், எவ்வளவு உயரத்தில் வருகிறது என்பது தெரியாது. துணைநிலை ரேடாரோ 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி கேட்கிறது. விமானத்திலுள்ள கருவி 1090 மெகாஹெர்ட்ஸில் தன் எண்ணையும் உயரத்தையும் சொல்கிறது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரியின் மேல் இரு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தபோது, டெல்லிக் கட்டுப்பாட்டாளரிடம் இருந்தது முதனிலை ரேடார் மட்டுமே.

காரைக்குடிப் பக்கம் நகரத்தார் கல்யாண வீட்டு முகப்பில் புதுமுகம் தெரிந்தால், பெரியவர்கள் "எந்த ஊரு? என்ன விலாசம்? எந்தக் கோயில்?" என்று கேட்பார்கள். "மாத்தூர்" என்றோ "இரணியூர்" என்றோ தம் பிரிவுக்குரிய கோயிலைச் சொல்லிப் பதில் வந்த பிறகுதான் ஆள் இன்னாரென்று பிடிபடும். வாசலில் நிழலாடியது முதனிலை ரேடாருக்குப் போதும். கோயிலைச் சொல்வது டிரான்ஸ்பாண்டரின் வேலை. ஆகவே 'விடையலைக் கருவி' என்பது என் பரிந்துரை. 'விடையி' என்று சுருக்கலாம்தான், ஆனால் தேவாரம் கேட்டு வளர்ந்த காதுக்கு 'விடை' என்றால் சிவனின் காளையும் வந்து நிற்கும்.

கட்டுப்பாட்டாளர் சொல்ல, விமானி இக்கருவியில் வைக்கும் ஸ்குவாக் எண்ணுக்கு 'கூவெண்' என்பது அழகு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இக்கருவியின் மூதாதைக்குக் 'கிளி' என்று மறைபெயர் இருந்ததால்தான் ஆங்கிலத்திலும் 'ஸ்குவாக்' என்ற பறவைக் கூச்சல் ஒட்டிக்கொண்டது. எனினும் 'விடையெண்' என்றால் கருவியின் பெயரோடு இணங்கும். 0 முதல் 7 வரையிலான நான்கு இலக்கங்களில் 4096 எண்களே கிடைப்பதால், கட்டுப்பாட்டாளர் பயணத்துக்குப் பயணம் ஒதுக்குகிறார். விமானத்துக்கென்று பதிவோடு வரும் 24 பிட் எண் வேறு. அதற்கு எங்கள் ஊரில் முகவரியை அல்லாமல் குடும்பத்தின் அடையாளப் பெயரைக் குறிக்கும் 'விலாசம்' கச்சிதமாகப் பொருந்தும்.

ஏடிஎஸ்-பி முறையில் அதே கருவி, யாரும் கேளாமலே, நொடிக்கு ஏறத்தாழ இருமுறை தன் இருப்பிடத்தை அறிவிக்கிறதே, அதற்கு 'விடை' எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். செயலைத் 'தன்னறிவிப்பு' எனப் பிரித்துச் சொல்லி, கருவியின் பெயரை அப்படியே விடலாம் என்பேன்.

ஆங்கிலத்தில் "ஸ்குவாக் 4213" என்று விமானிக்கு இடும் கட்டளைக்குத்தான் எனக்கு வினைச்சொல் அகப்படவில்லை. "விடையெண் 4213 வைக்கவும்" என்பது நீளமாக இருக்கிறது. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றுகிறதா?